ஒரு தண்ணீர் சுமப்பவனின் வீரமரணம் பற்றித் தங்கைக்கு

கணக்குப் பாடத்தின் சக்கரவர்த்தினியும், உயர்நிலைப் பள்ளியின் நடுக்கமும், என் உடன்பிறந்த ஒரே தங்கையுமாகிய உன் திருச்சமூகத்துக்கு, உன் அண்ணன் இடது முழங்காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவது.

இங்கு மூவரும் நலம். உன் அண்ணி என்னோடு பேசாமலிருக்கும் அளவுக்கு நலம். உன் மகள் மாடியில் பாடிக்கொண்டிருக்கும் அளவுக்கு நலம். நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் காலமாகி, மணி அடித்ததும் உயிர்த்தெழுந்து, இப்போது நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. நீ தொலைபேசியில் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் எங்கள் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரிக்கு எந்த நோயும் கிட்டே வராது.

நீ இட்ட கட்டளை அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "மாடியில இடம் இருக்கு, பத்திரமா இருப்பான்னு உங்க வீட்டுல விட்டேன். அவ என்னடான்னா ஞாயித்துக்கிழமையானா கத்தியத் தூக்கிட்டு மைதானத்துல ஆம்பளைங்ககூட மல்லுக்கு நிக்கிறாளாம். நீங்க என்ன அண்ணே, வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்களா? மாசக் கடைசிக்குள்ள அத நிறுத்துங்க. இல்லேன்னா நானே வந்து பெட்டியக் கட்டிக் கூட்டிட்டு வந்துடுவேன். அவ வேலை பாக்குற மாதிரி மூக்குக்கண்ணாடிக் கடை இந்த ஊர்லயும் இருக்கு." நான் 'சரி' என்று சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். ஆகவே நான் இன்றுவரை சரி என்று சொல்லவில்லை என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். பின்னால் உதவும்.

கட்டளை கிடைத்ததும் நான் என்ன செய்தேன்? விசாரணை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாடியறையைத் திறந்தேன். தங்கையே, அங்கே ஒரு நடுத்தர ராஜ்யத்தை மதியச் சாப்பாட்டுக்குள் கவிழ்க்கப் போதுமான ஆயுதங்கள் இருந்தன. நீளக் கத்தி, குட்டைக் கத்தி, ஈட்டி, என் உயரத்துக்கு ஒரு கேடயம், கட்டிலுக்கடியில் சாய்ந்து தூங்கும் ஒரு கோடாலி. இரண்டு கையாலும் அந்தக் கோடாலியைத் தூக்கினேன். பிஸ்கட் பொட்டலம் அதைவிடக் கனம். முகத்தைப் பார்த்து ஓங்கி அடித்துக்கொண்டால்கூட (அடித்துப் பார்த்தேன்) கன்னத்தைத் தடவிக் கொடுத்ததுபோல இருந்தது. அந்தச் சமயம் பார்த்து உன் மகள் கடையிலிருந்து வந்து நிற்கிறாள்.

"மாமா, என் கோடாலிய வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"உங்கம்மா இத நிறுத்தச் சொல்லிருக்கா. பறிமுதல் பண்றேன்."

"பறிமுதல் பண்றவர் எதுக்கு மூஞ்சில அடிச்சுக்கறீங்க?"

"தரப் பரிசோதனை. ஆமா, வளையுற கோடாலியால எதம்மா வெட்டுவீங்க, வெண்ணெயா?"

அவள் கட்டிலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கினாள். ஆளுக்கொரு வேஷம். ஒருவர் ராஜா, ஒருவர் திருடன், ஒருவர் பூதம். நாடகம் மாதிரிதான், ஆனால் வசனம் எழுதித் தர ஆளில்லை, அவரவரே பேசிக்கொள்ள வேண்டும். சண்டை வந்தால் நிஜமாகவே அடித்துக்கொள்வார்கள், மெத்துமெத்தென்ற ஆயுதத்தால். உள்ளே மெல்லிய குழாய், மேலே பஞ்சுநுரை, அதற்கு மேல் துணிநாடா. அவ்வளவுதான் விஷயம். "நீங்களே ஒருதரம் வந்து பாருங்க மாமா. பாத்துட்டு அம்மாகிட்ட என்ன வேணா சொல்லுங்க." எதிரியின் முகாமுக்குள் புகுந்து உளவறிய இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்குமா? உனக்காக, முழுக்க முழுக்க உனக்காக மட்டும், ஒப்புக்கொண்டேன்.

போருக்குப் போகிறவன் இரவல் வாளோடு போகலாமா? எனக்கான வாளை நானே வார்த்தெடுத்தேன். பஞ்சுநுரைக்கு எங்கே போவது? வரவேற்பறை சோபாவில் அது சும்மாதானே கிடக்கிறது. குழாய்க்குப் பதில் தரை துடைக்கும் குச்சியின் கட்டையை அறுத்து உள்ளே சொருகினேன், உறுதிக்காக. உன் அண்ணி வந்து பார்த்தாள். "இந்த வீட்டுல உக்கார ஒரு இடம் இருந்துச்சு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அப்புறம் தரையைத் துடைக்கப் போயிருப்பாள், அங்கேயும் குச்சியில்லை. சரித்திரத்தில் பெரிய படையெடுப்புகள் எல்லாவற்றிலும் வீட்டுக்காரி கோபம் உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம். அங்கேதான் இவர்கள் ராஜ்யம். தரையில் இரண்டு கயிறு போட்டிருந்தார்கள், அது பாலமாம். கயிற்றுக்கு இருபக்கமும் ஆறாம். நான்கு அட்டைப்பெட்டி அடுக்கினால் கோட்டை. மூலையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, அது இடுகாடு. இத்தனைக்கும் தலைவி, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஒரு அம்மாள். கழுத்தில் விசில். குழந்தைகளை ஏற்றி இறக்கிப் பழகிய கண், ஒரு பார்வை பார்த்தால் மனிதன் தானாகவே வரிசையில் நிற்கிறான். எல்லாரும் டிரைவரக்கா என்கிறார்கள். அந்த அம்மாள் என் வாளை வாங்கித் தடவிப் பார்த்து, "எங்க வழக்கம் ஒண்ணு இருக்குங்க. யார் கொண்டு வந்தாங்களோ, அவங்க கத்தியால அவங்களயேதான் மொதல்ல அடிச்சுப் பாப்போம்" என்றாள். நல்ல வழக்கமாயிற்றே என்று மார்பை விரித்து நின்றேன். தோளில் ஒன்று வைத்தாள். கட்டை எலும்பைத் தொட்டது. "அம்மா!" என்று நான் அலறியதில் பணிமனையில் ஒரு பேருந்து தானாக ஸ்டார்ட் ஆனது. தாய்நாட்டுக்கு வணக்கம் சொன்னேன் என்று சமாளித்தேன். வாள் குப்பைத்தொட்டிக்குப் போயிற்று. ஒரு சோபாவின் ஆயுசு அங்கே முடிந்தது.

அடுத்து வேஷம். நான் தயாராக வந்திருந்தேன். ஏழு தீவுகளை வென்று, எட்டாவதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவன், கடும் புயலையும் கையமர்த்தி உட்கார வைத்தவன், மூன்று அரசிகளால் காதலிக்கப்பட்டு மூவரையும் தூக்க நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டவன். இதைப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். டிரைவரக்கா பொறுமையாகக் கேட்டாள். "நல்லா இருக்குங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் மொதல்ல கோட்டைக்குத் தண்ணி சுமக்குற ஆளு" என்று ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கையில் கொடுத்தாள். சுமப்பேன், தங்கையே! ஆனால் ஏழு தீவுகளை வென்றவன் எப்படிச் சுமப்பானோ, அப்படிச் சுமப்பேன் என்று முடிவு செய்தேன்.

சட்டதிட்டங்களை உனக்கும் சொல்லிவிடுகிறேன், கதைக்கு வேண்டும். "தலையில, கழுத்துல அடிக்கக் கூடாது. கையில பட்டா அந்தக் கை போச்சு. கால்ல பட்டா முட்டி போடணும். ஒடம்புல பட்டா செத்துட்டீங்க. செத்தா வெள்ளைத் துணியத் தலையில போட்டுக்கிட்டு அந்த நாற்காலில போய் உக்காரணும். மணி அடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது. பேய் பேசாது."

"பட்டுச்சா, படலையான்னு தீர்ப்புச் சொல்றது நீங்களா?"

"நானில்ல. யார் மேல பட்டுச்சோ, அவங்க வாயால அவங்கதான் சொல்லணும்."

"அவங்க சொல்லலேன்னா?"

"சொல்லுவாங்க" என்றாள் அந்த அம்மாள், இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல. "அதான் இந்த ஆட்டமே. அப்புறம், புதுசா வர்றவங்களுக்குப் பழைய ஆள் ஒருத்தர் பொறுப்பு. உங்களுக்கு இவ. நீங்க பண்றதெல்லாம் இவ கணக்குல."

உன் மகள் பெருமையோடு தலையாட்டினாள். பாவம்.

தங்கையே, நீ என் உத்தியோகத்தை மறந்திருக்க மாட்டாய். விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில், வந்த மனுக்களை நிராகரிக்கும் பிரிவில் மயிர் நரைத்தவன் நான். காலில் மாவுக்கட்டோடு வந்தவனிடம், உனக்குக் கால் உடையவில்லை, உடைந்ததாக ஒரு எண்ணம் உனக்கு ஏற்பட்டிருக்கிறது என்று விளக்கி, அவனையே நன்றி சொல்லிவிட்டுப் போக வைத்தவன். அடிபட்டவர்களையே அடிபடவில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்த வாய் இது. இந்த வாயிடம் போய், உனக்கு அடிபட்டதா என்று நீயே சொல் என்கிறார்கள்! பூனையைக் கூப்பிட்டு மீன்கடைச் சாவியைக் கொடுத்து, பார்த்துக்கொள் என்றார்கள். எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்று முழுக்க என்னைத் தாக்காதவர் இல்லை. நான் சாகவில்லை. ஒருவன் தோளில் அடித்தான். அது என் தோள் இல்லை, சட்டையின் தோள், வேண்டுமானால் சட்டை செத்ததாக வைத்துக்கொள் என்றேன். ஒரு பெண் முதுகில் அடித்தாள். முதுகு எனக்குத் தெரியாத இடம், பார்க்காத சம்பவத்துக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது என்று கேட்டேன். இன்னொருவன் கையில் பட்டது என்று சாதித்தான். கையில் வலி உண்டு தம்பி, ஆனால் அது இந்தச் சண்டைக்கு முன்பே இருந்த வலி, ஆகவே கணக்கில் வராது என்று விதியை எடுத்துச் சொன்னேன். அவன் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். அப்புறம் போய்த் தானாகவே இடுகாட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அன்று நான் சுமந்த ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் மகள் பேசவே இல்லை. என் வீரத்தில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பெரிய சண்டை. ஒரு பக்கம் கோட்டைக்காரர்கள், நாங்கள். மறுபக்கம் பூதப்படை. அந்தப் படைத்தலைவன் யார் தெரியுமா? என் கடைவாய்ப் பல்லைப் பாதி தோண்டிவிட்டு, மிச்சத்துக்கு வரும் வாரம் வரச் சொல்லியிருக்கும் அதே பல் டாக்டர். முகம் முழுக்கப் பச்சை மை, தோளில் கம்பளி, கையில் என் நீளத்துக்குப் பஞ்சு வாள். கூச்சமில்லாமல் "வணக்கம் சார், பல்லு எப்படி இருக்கு?" என்கிறது பூதம். எங்கள் பக்கத்துக்கோ அன்றைக்குத்தான் முதல்முறையாக உன் மகளைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிவிட்டார்கள். கட்டும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சரி, அது இப்போது எதற்கு?

நான் இன்னும் கொஞ்சம் தயாரிப்போடு போயிருந்தேன். உன் அண்ணியின் எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சட்டைக்குள் மார்போடு கட்டியிருந்தேன். விசில் ஊதினார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தேன். பூதம் ஓடிவந்து மார்பில் போட்டது ஒன்று. 'டங்ங்' என்று ஒரு சத்தம். பணிமனையில் ஷிப்டு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் டிபன் டப்பாவோடு வெளியே வந்தார்கள்.

"செத்துட்டீங்க சார்!"

"படலியே."

"ஊருக்கே கேட்டுச்சு சார்!"

"அது என் இதயம். எனக்குத் துணிச்சல் வந்தா அப்படித்தான் அடிக்கும்."

டாக்டர் பச்சை முகம் சிவக்க (அந்த நிறத்துக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை) என்னைப் பார்த்தான். "க்ளினிக்ல பஞ்சால தொட்டாலே வலிக்குது வலிக்குதுன்னு நாற்காலியோட எந்திரிக்கிறீங்க. இங்க ஓங்கிப் போட்டாலும் படலைங்கறீங்க. ஒடம்புல எந்த எடத்துல சார் உங்களுக்கு மனசாட்சி இருக்கு? அங்கயே அடிக்கிறேன்." சொல்லிவிட்டு வாளைக் கீழே வைத்தான். சப்பணமிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "இவர் சாகுற வரைக்கும் நாங்க விளையாடல" என்றான். பூதப்படை முழுக்க உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்து ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக உட்கார ஆரம்பித்தார்கள். சம்பளம் கேட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், ஓய்வூதியம் கேட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். ஒரே ஒரு மனிதன் சாக வேண்டும் என்று கேட்டு இரண்டு ராஜ்யங்கள் சேர்ந்து உட்கார்ந்தது உன் அண்ணனுக்காகத்தான். குடும்பத்துக்குக் கிடைத்த கௌரவம் என்று எடுத்துக்கொள்.

டிரைவரக்கா வந்தாள். கையை நீட்டினாள். தட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் சத்தம் போடவில்லை. "இங்க பாருங்க, இந்த மைதானத்துல நடுவர் கிடையாது, கேமரா கிடையாது. பட்டவங்க பட்டுச்சுன்னு சொல்றாங்க, அத நம்பித்தான் இத்தன பேர் ஓடியாடுறோம். ஒருத்தர் சொல்லலேன்னா எல்லாரும் சும்மா பஞ்சக் கட்டிக்கிட்டுக் குதிக்கிற மாதிரிதான். இன்னும் ஒரு தடவ. அடிச்சவங்க கேட்டு, நீங்க இல்லைன்னு மழுப்பினா, உங்களையும் அனுப்பிடுவேன், உங்களுக்குப் பொறுப்பு நிக்கிறவளயும் அனுப்பிடுவேன். பட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். திரும்பச் சேக்க மாட்டோம்."

இந்த இடத்தில்தான், தங்கையே, உன் அண்ணனின் மூளை மின்னியது. நீ என்ன கேட்டாய்? அவள் இந்த விளையாட்டை விட வேண்டும். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். வந்த நாளிலிருந்து செய்துகொண்டிருப்பதையே இன்னொரு தடவை செய்தால் போதும். யாராவது அடிப்பார்கள், 'படவில்லை' என்று ஒரே ஒரு சொல், வேலை முடிந்தது. அவளை நான் தடுத்ததாகவும் ஆகாது, நீ பெட்டி கட்ட வர வேண்டியதும் இல்லை. பழி முழுக்க விதிமுறைக்கு. அலுவலகத்தில் இருந்த காலத்தில்கூட இத்தனை சுத்தமான ஒரு நிராகரிப்பு எனக்கு வாய்த்ததில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குடத்தை எடுக்கப் போனேன். உன் மகள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா சொன்னதுக்காகத்தானே பண்றீங்க?"

"ச்சே ச்சே. நெசமாவே படலம்மா."

"மாமா. நாளெல்லாம் கண்ணப் பாக்குறதுதான் என் வேல. உங்க கண்ணு என்னப் பாக்கவே மாட்டேங்குது."

நான் பணிமனைக் கூரையைக் கவனமாக ஆராய்ந்தேன். நல்ல கூரை.

"கடையில காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். யாரும் என்னப் பாக்க மாட்டாங்க, எதிர்ல இருக்குற எழுத்துப் பலகையத்தான் பாப்பாங்க. வீட்டுக்குப் போன் பண்ணா அம்மா பேசி முடிச்சுட்டு வச்சுடுவாங்க. நான் 'நில்லுங்க'ன்னு சொன்னா நிக்கிற ஆளுங்க இந்த மைதானத்துல மட்டும்தான் மாமா இருக்காங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அழுகையை மறுப்பதில் எனக்கு அனுபவம் உண்டு. "உங்களக் கெஞ்ச மாட்டேன். நீங்க ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம். பட்டா பட்டுச்சுன்னு சொல்லுங்க, படலேன்னா படலேன்னு சொல்லுங்க. நான் பட்டையத் தயாராத்தான் வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு உண்மையாகவே முடிச்சைத் தளர்த்தி வைத்துக்கொண்டு அணிக்குப் போய் நின்றாள். உன் மகள்தான், சந்தேகமே இல்லை. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்க்காத அந்த நடை உன்னிடமிருந்து வந்தது.

விசில். குடம். பாலம். பூதப்படை எழுந்தது, ஆனால் அவர்கள் கண்ணெல்லாம் என் மேல். நடுப்பாலத்தில் டாக்டர் வந்து மறித்தான். வாளைச் சுழற்றினான். நான் ஒதுங்கினேன், குடம் ஆடியது, என் துண்டு பறந்தது, அவனே தடுமாறி ஆற்றில் ஒரு கால் வைத்து, எப்படியோ திரும்பி நின்றான். பட்டதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பட்டுச்சா சார்?" என்றான், ரொம்ப மரியாதையாக.

உன் மகள் என் பக்கம் பார்க்கவில்லை. அவள் கை பட்டையின் முடிச்சில் இருந்தது.

என் உத்தியோக காலம் முழுவதும் இந்த நாக்கில் ஏறாத ஒரு சொல்லை அன்று அந்த மைதானத்தில் சொன்னேன். "பட்டது" என்றேன். இன்னும் சத்தமாக, பணிமனைக்கும் கேட்கும்படி, "பட்டதய்யா பட்டது! விலாவில், வலது பக்கம், ஆழமாக!" என்றேன். உண்மைக்கு ஒருவன் தலை வணங்குவது எவ்வளவு கம்பீரமான காட்சி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சாவதென்று முடிவெடுத்த பிறகு அரைகுறையாகச் சாவது நம் குடும்பத்துக்கு அழகில்லை. "சாகிறவர் பேசலாமா?" என்று டிரைவரக்காவிடம் கேட்டேன். "விழுற வரைக்கும் பேசலாம்" என்றாள். தப்புச் செய்துவிட்டாள். நான் விழவில்லை. சாய்ந்தேன். தள்ளாடினேன். ஒரு முழங்காலில் இறங்கி, மறுபடி எழுந்து, குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான் வென்ற ஏழு தீவுகளிடமும் தனித்தனியாக விடைபெற்றேன். எட்டாவது தீவிடம் மன்னிப்புக் கேட்டேன். அரசிகள் மூவருக்கும் ஆறுதல் சொன்னேன். பூதங்கள் எல்லாம் வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பலநாள் காத்திருந்த ரயில் வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பூதம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. என் மூன்றாவது மயக்கத்தின்போதுதான் அவர்களுக்குப் பின்னால் "இப்போ!" என்று ஒரு குரல் கேட்டது. நான் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் மகள் தன் ஆட்களைச் சத்தமில்லாமல் சுற்றி அழைத்துக்கொண்டு போய்ப் பூதப்படைக்கு முதுகுப் பக்கம் நின்றிருக்கிறாள். திரும்பக்கூட நேரமில்லை அவர்களுக்கு. ஒவ்வொருவராக "பட்டது", "பட்டது", "எனக்கும் பட்டது" என்று யோக்கியமாகச் சொல்லிக்கொண்டு வெள்ளைத் துணியைத் தேடினார்கள். நான் திருப்தியோடு விழுந்தேன். விழுந்ததில்தான் முழங்கால்.

அதன் பிறகு இடுகாடு. பக்கத்து நாற்காலியில், தலையில் வெள்ளைத் துணியோடு, டாக்டர். பேய்கள் பேசக் கூடாது. எனக்கு எத்தனை கொடுமையான தண்டனை என்று உனக்கே தெரியும், உள்ளே சொற்கள் பிதுங்கிக்கொண்டு நின்றன. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, வாயைத் திற என்று சைகை காட்டினான். திறந்தேன். ஒரு பேய் இன்னொரு பேயின் கடைவாய்ப் பல்லை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்து, தலையை இடவலமாக ஆட்டியது. அந்தப் பல்லும் பிழைக்காது போலிருக்கிறது.

கோட்டைக்காரர்கள் உன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அட்டைப்பெட்டிகளைச் சுற்றி வந்தார்கள். என்னைக் கடந்து போகும்போது அவள் மேலேயிருந்தபடி "தண்ணி சுமக்குறவருக்கு வணக்கம்!" என்றாள். அத்தனை பேரும் நின்று வணக்கம் வைத்தார்கள். வெள்ளைத் துணிக்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கண்ணில்தான் அதிகம் வியர்த்தது, அன்று வெயில் அப்படி.

ஆகவே, தங்கையே, விசாரணை முடிவு பின்வருமாறு. உன் கட்டளையை என்னால் நிறைவேற்ற முடியவில்லை. காரணம் எளிது, நான் இறந்துவிட்டேன். இறந்தவனால் யாரையும் தடுக்க முடியாது. உயிர்த்தெழுந்த பிறகோ தளபதியின் கீழ் வேலை செய்கிறவன் ஆகிவிட்டேன், தளபதியைப் பணிநீக்கம் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. நீ பெட்டி கட்ட வருவதென்றால் தாராளமாக வா. ஆனால் சொல்லிவிடுகிறேன், மாடிப்படியில் முதல் படியில் நான் குடத்தோடு நிற்பேன். என்னைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், நான் சாவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து, ஓரமாக நின்று, அவள் 'நில்லுங்க' என்று சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போ. நீயும் நின்றுவிடுவாய்.

உனக்கு ரத்த அழுத்தம் குறையட்டும். உன் மாணவர்களுக்கு உன்னைத் தாங்கும் நெஞ்சுரம் பெருகட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பும் ஆழ்ந்த அனுதாபமும். உங்கள் வீட்டில் உபரியாக ஒரு சோபா இருந்தால் தெரியப்படுத்தவும், உன் அண்ணி நின்றுகொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஏழு தீவுகளை வென்றவனும், உண்மைக்காக உயிர் நீத்தவனும், கோட்டையின் தலைமைத் தண்ணீர் சுமப்பவனுமாகிய
உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். என்னை ஒரு பல் டாக்டர் அடித்துவிட்டான் என்று நீ வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியாது. அந்த வாள் என் மேல் படவேயில்லை. ஒரு சாண் தள்ளிப் போயிற்று. இதை உன் மகளிடம் சொல்லிவிடாதே. சொன்னாயானால், நான் அப்படி எழுதவேயில்லை என்பேன். அவள் என்னைத்தான் நம்புவாள், இப்போது நான் உண்மை பேசுகிறவன் என்று அந்த மைதானத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன்.